பிக் துரை பாலம்

பிக் பாலம் என்றதும் பெரிய பாலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அளவில் அது பெரிதும் இல்லை. நீளம் ஏறத்தாழ 41 மீட்டர், அகலம் 7 மீட்டர் சொச்சம். பிக் என்பது ஒரு துரையின் குடும்பப் பெயர். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ரிச்மண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே கோல் ஆற்றின் குறுக்கே நிற்கிறது இந்த மணற்கல் பாலம். ஆஸ்திரேலியாவில் இன்றும் வண்டி ஓடுகிற கல் வளைவுப் பாலங்களில் இதுதான் மிகப் பழையது. கட்டியவர்கள் பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். இப்போது எல்லோரும் ரிச்மண்ட் பாலம் என்கிறார்கள். முதலில் வைத்த பெயர் பிக் பாலம்.

அந்த முதல் பெயர் ஒரு விளையாட்டின் வழியாகத்தான் எனக்குத் தெரியவந்தது. ஜியோகேஷிங் என்பது அதன் பெயர். ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவிப்பார். மற்றவர்கள் கைப்பேசியில் ஜிபிஎஸ் காட்டுகிற வழியில் போய்த் தேடி எடுத்து, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். பழைய பாலம், கலங்கரை விளக்கம், ரயில் வராத ரயில் நிலையம் மாதிரியான இடங்கள் இந்த ஆட்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பழங்காலக் கட்டடத்தின் கல்லிடுக்கில் டப்பாவைச் செருகுவது முறையில்லை. அதனால் பாலத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள். விடைகளை எண்ணாக்கிக் கூட்டிக் கழித்தால், சற்றுத் தள்ளி ஏதோ ஒரு மரத்தடிக்கு வழி கிடைக்கும். நான் தேடிப் போனதற்கு இருந்த கேள்விகளில் ஒன்று, இந்தப் பாலத்தின் முதல் பெயருக்கு உரியவரின் குடும்பப் பெயரில் எத்தனை எழுத்து என்பது. ஆங்கிலத்தில் ஐந்து. டப்பா கிடைத்தது. ஈரம் ஏறிய தாளும் முனை மழுங்கிய பென்சிலும்தான் உள்ளே இருந்தன. பெயர்தான் விடாமல் பிடித்துக்கொண்டது.

பாலத்துக்கு வருமுன் விளையாட்டின் பெயரையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதுவும் ஓரிடத்தில் நிற்காத பெயர். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் கட்டியது. பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துவைத்திருந்தார்கள். நூறு மீட்டர் முன்னே பின்னேதான் இடத்தைக் காட்டும். 2000 மே 2-ஆம் தேதி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற இடத்துக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா. பீன்ஸ் டப்பாவுக்குப் பின்னாளில் பெரிய புகழ் வந்தது. உல்மர் வைத்த பெயர் ‘ஸ்டாஷ்’ வேட்டை. ஸ்டாஷ் என்றால் பதுக்கல். போதைப்பொருள் வாடை அடிக்கிற சொல். சிலருக்கு அது உறுத்தியது. அதே மே மாதம் 30-ஆம் தேதி மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேஷிங் என்று வேறொரு பெயரைச் சொன்னார். அதுவே நிலைத்தது.

ஜியோ கிரேக்கம், பூமி. கேஷ் பிரெஞ்சு, ஒளித்துவைப்பது என்ற வினையிலிருந்து வந்த பெயர். கனடாக் காட்டில் ரோமத்துக்காக விலங்கு பிடித்துத் திரிந்த பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வரும்போது வேண்டுமென்று உணவையும் தோல்களையும் குழி தோண்டிப் புதைத்துவைப்பார்கள். அந்தக் குழிதான் கேஷ். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து கணினிக்குள்ளும் போய்விட்டது. நம் காதுக்கு அது ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் போலவே கேட்கிறது. உடனே ‘காசு’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று கொடி தூக்க ஆள் உண்டு. கொஞ்சம் பொறுக்க வேண்டும். ரொக்கம் என்ற பொருளிலுள்ள ஆங்கிலச் சொல் பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியில் வந்தது. பணப்பெட்டி பணமாக ஆகிவிட்டது. கிழக்கு நாடுகளின் துளை போட்ட சில்லறைக் காசுக்கு ஆங்கிலத்தில் அதே உச்சரிப்பில் இன்னொரு சொல் இருக்கிறது. அது மட்டும்தான் போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போன நம் காசு. டப்பா தேடுகிற கேஷுக்கும் இந்த இரண்டுக்கும் உறவில்லை. ஒலி ஒன்றாக இருப்பதை உறவென்று கொள்வது சொல்லாராய்ச்சியில் எல்லோரும் விழுகிற பள்ளம்.

கைதிகளுக்கு ஒளித்துவைக்கிற இந்த வேலைக்கென்றே சொந்தமாக ஒரு சொல் இருந்தது என்பது அதைவிடச் சுவையானது. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்று ஒரு பலே கைகாரர்; மூன்று முறை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட புண்ணியவான். இரண்டாம் தடவை வந்தபோது நியூகாசில் தண்டனைக் குடியிருப்பில் கிடந்த காலத்தில், 1812-ல், திருடர் பாஷைக்கு ஓர் அகராதி எழுதி, அந்தக் குடியிருப்பின் அதிகாரிக்கே காணிக்கையாக்கினார். 1819-ல் லண்டனில் அவருடைய தன்வரலாற்றோடு அது அச்சேறியது. ஆஸ்திரேலிய மண்ணில் தொகுத்த முதல் அகராதி என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதில், திருட்டுச் சாமானையோ ஆளையோ ஒளித்துவைப்பது ‘பிளான்ட்’. ஒளித்துவைத்த பொருளும் பிளான்ட். வேறொருவர் ஒளித்ததைக் கண்டுபிடித்தால் அதற்கும் தனி வழக்கு: பிளான்டைக் ‘கிளப்பிவிட்டான்’ என்பார்களாம், புதரிலிருந்து பறவையைக் கிளப்புவது மாதிரி. உல்மருக்கு 188 ஆண்டுகளுக்கு முன்பே ஒளிப்பதற்கும் எடுப்பதற்கும் சொல் கைவசம் வைத்திருந்தவர்கள் கைதிகள். இன்றைய ஆட்டக்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரன் குழிதான் வாய்த்தது.

வாக்ஸ் இருந்த நியூகாசிலுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் கோல் ஆறு. அங்கே ஹன்டர் ஆற்றங்கரையில் நிலக்கரி எடுத்தார்கள். சிட்னிக் கைதிகள் மறுபடி குற்றம் செய்தால் அங்கேதான் அனுப்புவார்கள். ரிச்மண்டின் கோல் ஆறு வேறு. 1803-ல் இந்தத் தீவில் ஆங்கிலேயர் குடியேறிய உடனே ஆற்றங்கரையில் நிலக்கரி கண்ணில் பட்டது, கோல் என்றார்கள், முடிந்தது கதை. கைதிகள் காலத்து ஆஸ்திரேலியாவில் ஒரே பெயரில் இரண்டு ஆறுகள் என்பதால் பழைய ஆவணம் படிப்பவர்கள் எந்த ஆறு என்று பார்த்துப் படிக்க வேண்டும். நிலக்கரியை நம்பி ரிச்மண்ட் பிழைக்கவில்லை. முதலில் கோதுமை, இப்போது ஒயின். கோல் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றால் இன்றைய டாஸ்மேனியருக்கு நினைவுக்கு வருவது திராட்சைத் தோட்டம்.

கைதி என்ற சொல்லையும் தாண்டிப் போக மனம் வரவில்லை. கையில் விலங்கு பூட்டுவதால் கைதி என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அரபியில் கைத் என்றால் தளை, கைதி தளைப்பட்டவன். உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். தமிழ்க் கை அதில் இல்லை. நாடுகடத்தலுக்கு நம் ஊரில் வழங்கியது ‘தீவாந்தர சிட்சை’. 1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு விதித்ததும் அதுதான். தீவாந்தரம் என்றால் வேறொரு தீவு; வடமொழியின் த்வீபமும் அந்தரமும் சேர்ந்தது. டாஸ்மேனியாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் கிடையாது. பிரிட்டன் ஒரு தீவு, ஆஸ்திரேலியா அதைவிடப் பெரிய தீவு, அதற்கும் அப்பால் இன்னொரு தீவு. அந்த மூன்றாம் தீவுக்கு 1803-க்கும் 1853-க்கும் நடுவே ஏறத்தாழ 75,000 கைதிகள் வந்து இறங்கினார்கள்.

வந்து இறங்கியபோது தீவின் பெயர் டாஸ்மேனியா இல்லை. வான் டீமன் நாடு. 1642-ல் ஏபல் டாஸ்மன் இந்தக் கரையைக் கண்டபோது, தன்னை அனுப்பிய எஜமான் அந்தோனி வான் டீமனின் பெயரை வைத்தார். வான் டீமன் பத்தாவியாவிலிருந்த டச்சுக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல். இலங்கைத் தமிழருக்கு அவர் அந்நியர் இல்லை. அவர் பதவியில் இருந்த காலத்தில்தான் போர்ச்சுகீசியரிடமிருந்து மட்டக்களப்பு 1638-லும், திருகோணமலை 1639-லும், காலி 1640-லும் டச்சுக்காரர் கைக்கு வந்தன. யாழ்ப்பாணம் அவர் இறந்த பிறகு 1658-ல் விழுந்தது. அப்புறம் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கும் டச்சு ஊர்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆனது, காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, நெடுந்தீவு டெல்ப்ட் ஆனது. ஊர்ச்சனம் லெய்டனையும் ஆம்ஸ்டர்டாமையும் உதறிவிட்டது. ‘டெல்ப்ட்’ மட்டும் இன்றும் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் மரியா தீவு இருக்கிறதே, அதுவும் டாஸ்மன் வைத்த பெயர்தான். மரியா வான் டீமனின் மனைவி. அந்தத் தீவிலும் 1825-ல் கைதிக் குடியிருப்பு ஏற்படுத்தினார்கள்.

கைதிகளின் பழி ஏறியதால் வான் டீமன் நாடு என்ற பெயர் கெட்டது. அதற்கு ‘டீமன்’ என்ற ஒலியே ஒத்தாசை செய்தது. ஆங்கிலத்தில் அது பேய் என்று கேட்கும். நாடுகடத்தல் 1853-ல் நின்றதும், தீவின் பெரிய மனிதர்கள் முதல் வேலையாகப் பெயரை மாற்றினார்கள். 1856 ஜனவரி முதல் தேதியிலிருந்து டாஸ்மேனியா. எஜமானின் பெயர் போய் மாலுமியின் பெயர் வந்தது. இந்தத் தீவில் வேலையைச் செய்தவர் பெயர் நிலைத்த இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். அவரும் கரையில் ஆளைவிட்டுக் கொடி நட்டதோடு சரி.

இனி பாலம். மிகச் சாதாரணமான தேவைக்காக எழுந்தது. ஹோபார்ட்டிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகிற வழியில் கோல் ஆறு குறுக்கே ஓடியது. கோதுமை வண்டிகள் அதைக் கடக்க வேண்டும். 1820 டிசம்பர் 11-ஆம் தேதி வேலை தொடங்கியது. முடிந்த ஆண்டு எது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. 1823 என்பாரும் உண்டு, 1825 என்பாரும் உண்டு. மேற்பார்வை, பொதுப்பணிகளின் பொறுப்பிலிருந்த மேஜர் தாமஸ் பெல். இவருடைய 48-ஆம் படைப்பிரிவு இங்கிருந்து அடுத்து இந்தியாவுக்குப் போய், 1834-ல் குடகுப் போரில் சண்டையிட்டது. கல் ஊருக்குப் பக்கத்திலுள்ள பட்சர்ஸ் ஹில்லில் வெட்டியது. கசாப்புக்காரர் குன்று என்று தமிழில் சொல்லலாம். அங்கிருந்து பாலம் வரைக்கும் கல்லைக் கைவண்டியில் ஏற்றிக் கைதிகளே இழுத்து வந்தார்கள். குதிரையும் மாடும் காசு; கைதி இலவசம்.

ஆற்றங்கரையில் இறங்கி வளைவுக்கு அடியில் நின்று பார்த்தால் வேலை தெரியும். நடுவில் பெரிய அரைவட்ட வளைவுகள் நான்கு, கரையோரத்தில் சிறியவை. வளைவுக் கல் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் செதுக்கியிருக்கிறார்கள். சாரம் கட்டி இருபுறமிருந்தும் அடுக்கிக்கொண்டு வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கிவிட்டுச் சாரத்தைப் பிரித்தால், தன் பாரத்தாலேயே கல் கல்லை நெருக்கி நிற்கும். மேலே வண்டி போகப் போகப் பிடி இறுகுமே தவிரத் தளராது. இருநூறு வருஷமாக அதுதான் நடக்கிறது. தண்ணீரை எதிர்கொள்ளும் தூண் முனைகள் இப்போது கூராக இருக்கின்றன. அது 1884-ல் செய்த மாற்றம், வெள்ளத்தைப் பிளந்து விடுவதற்கு. தேன்நிறக் கல்லில் உளிபட்ட கோடுகள் இன்னும் சாய்வாய்த் தெரிகின்றன. ஒரே கல்லில் ஒரு பாதி நெருக்கமாகவும் மறுபாதி அவசரமாகவும் கொத்தியிருப்பதைக் கண்டேன். ஒருவேளை வேறு கையோ, அல்லது அதே கை சாயங்காலத்திலோ.

பாலத்தோடு ஒட்டிய கைதிப் பெயர் ஒன்று உண்டென்றால் அது ஜார்ஜ் குரோவர். அவரும் கைதியாக வந்தவர்தான். ரிச்மண்ட் சிறையில் மற்றக் கைதிகளுக்குச் சவுக்கடி கொடுக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். 1832-ல் குடித்துவிட்டுப் பாலத்தில் கிடந்தவரை யாரோ அடித்துக் கீழே தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் ஆவி பாலத்தில் உலாவுகிறது என்கிறார்கள், ஒரு நாயோடு. சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்ல வாகான கதை. கல்லைச் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் வாய்மொழியில் நிற்கவில்லை, முதுகில் அடித்தவன் பெயர் நிற்கிறது. ஊர்கள் எதை நினைவில் வைக்கும் என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது போலும்.

முதல் பெயருக்கு உரியவரான ஜான் தாமஸ் பிக், லண்டன் அனுப்பிய விசாரணை ஆணையர். அதற்கு முன் டிரினிடாடில் தலைமை நீதிபதி. 1819-ல் சிட்னியில் வந்து இறங்கினார். நாடுகடத்தல் என்றாலே பிரிட்டனில் குற்றம் செய்ய நினைக்கிறவனுக்குக் குலை நடுங்க வேண்டும்; அந்த நடுக்கம் குறைந்துவிட்டதா என்று பார்த்து வா என்பது அவருக்கு இட்ட உத்தரவு. கவர்னர் லாக்லன் மக்வாரியோ விடுதலையான கைதியை மனிதனாக நடத்த வேண்டும் என்கிற கட்சி. கைதியாக வந்த வில்லியம் ரெட்பெர்ன் என்ற மருத்துவரை அவர் மாஜிஸ்திரேட் ஆக்கியதில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. மக்வாரி கட்டிய அழகான கட்டடங்கள் எல்லாம் வீண் செலவு, கைதிகளை நகரத்தில் கட்டட வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் உள்நாட்டு ஆட்டுப் பண்ணைகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும் என்று பிக் 1822-23-ல் மூன்று அறிக்கைகள் எழுதினார். மக்வாரி மனம் நொந்து 1824-ல் இறந்தார்.

இந்த பிக்தான் 1820-ல் வான் டீமன் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, கோல் ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும் என்று சொன்னவர். பொதுக் கட்டடம் என்றாலே மூக்கைச் சுளித்த மனிதரின் பெயரில் ஒரு பொதுக் கட்டடம். கேட்டவர் பெயரைப் பாலத்துக்கு வைத்தார்கள். அறிக்கை எழுதப் போகிறவரைக் கொஞ்சம் குளிரவைக்கிற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். அதிகாரியின் பெயரைக் கல்லுக்கு வைப்பதில் எல்லாக் காலத்து அரசாங்கங்களுக்கும் கை நீளம்.

பிக்கின் கதை ஆஸ்திரேலியாவோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். லண்டன் அவரை அடுத்ததாக ஒரு புது ஆணையத்தில் போட்டது. நன்னம்பிக்கை முனை, மொரிஷியஸ், இலங்கை ஆகிய மூன்று காலனிகளை விசாரிக்கிற ஆணையம் அது. அவரோடு சேர்ந்தவர் வில்லியம் கோல்புரூக். முதல் இரண்டு காலனிகளை முடிப்பதற்குள் பிக்குக்கு உடல்நலம் கெட்டது. இலங்கைக்கு வராமலே இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். 1829-ல் இலங்கையில் வந்து இறங்கியவர் கோல்புரூக். பிறகு சார்லஸ் ஹே கமரோன் வந்து சேர்ந்தார். இலங்கைப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் கோல்புரூக்-கமரோன் சீர்திருத்தம் என்ற பெயர் மனப்பாடம். நாள்கள் சற்று வேறாக விழுந்திருந்தால் அது பிக்-கோல்புரூக் சீர்திருத்தமாக இருந்திருக்கும்.

அந்தச் சீர்திருத்தம் ஒழித்தவற்றில் முதன்மையானது ராஜகாரியம். அரசனுக்காகச் செய்ய வேண்டிய கட்டாய வேலை, பின்னால் ஆங்கிலேயர் கையில் கூலியில்லாமல் ஆள் பிடிக்கிற ஏற்பாடாக மாறியிருந்தது. கோல் ஆற்றில் கைதிகள் கல் இழுத்த அதே 1820-களில், கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு மலையைக் குடைந்து வீதி போட்டது ராஜகாரியத்தில்தான். 1832-33-ல் அது நின்றது. டச்சுக்காரர் காலத்தில் செட்டிகளும் முஸ்லிம்களும் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கு ‘ஊழியம்’ என்றே பெயர். இன்று ஊழியம் என்றால் சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை, அல்லது தேவாலயப் பணி. சொல்லின் மேலிருந்த ரத்தக்கறை எப்போது கழுவப்பட்டது என்று யாரும் கவனிக்கவில்லை. கட்டாய வேலையை ஒழித்த ஆணையத்தில் முதலில் உட்கார்ந்தவர், கைதி வேலையை இன்னும் கடுமையாக்கச் சொன்ன அதே மனிதர் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பிக் 1843-ல் லண்டனில் இறந்தார். சிட்னிக்குத் தென்மேற்கே லிவர்பூலில் அவர் பெயரில் ஒரு தெருவும் ஒரு பூங்காவும் இருக்கின்றன. பாலம் அவரிடமிருந்து போய்விட்டது.

எப்படிப் போனது? 1824-ல் லெப்டினன்ட் கவர்னர் வில்லியம் சோரெல் ஆற்றங்கரையில் முறையாக ஊர் அமைத்து, ரிச்மண்ட் என்று பெயரிட்டார். ஊருக்குப் பெயர் வந்ததும் பாலமும் ஊரோடு போய்விட்டது. இதில் அதிசயமில்லை. ராமேஸ்வரத்துக்குப் போகிற சாலைப் பாலத்துக்கு அதிகாரபூர்வமாக இந்திரா காந்தி பெயர். பஸ் கண்டக்டரிடம் கேட்டால் பாம்பன் பாலம்தான். பாலத்தைத் தினமும் கடக்கிறவனுக்கு அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே முக்கியம்.

ரிச்மண்ட் என்ற பெயர் வந்த வழியோ நெடியது. வேர் நார்மன் பிரெஞ்சு. ரிஷ் என்றால் வலிய, வளமான. மோன் என்றால் மலை. பிரான்சில் ரிஷ்மோன் என்று ஊர்கள் உண்டு. 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் யார்க்‌ஷயரில் ஒரு குன்றின் மேல் 1071-ஐ ஒட்டிக் கோட்டை எழுப்பி, தங்கள் ஊர்ப் பெயரை அதற்கு வைத்தார்கள். அங்கே மலையும் இருந்தது, வலுவும் இருந்தது, பெயர் பொருந்தியது. அந்தக் கோட்டையிலிருந்து ரிச்மண்ட் பிரபு என்ற பட்டம் பிறந்தது. பட்டத்தை வைத்திருந்த ஹென்றி டியூடர் 1485-ல் அரசனாகி ஏழாம் ஹென்றி ஆனார். லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் ஷீன் என்ற இடத்திலிருந்த அரண்மனை 1497 கிறிஸ்துமஸில் தீப்பற்றி எரிய, புதிதாகக் கட்டி, தன் பழைய பட்டத்தின் பெயரை வைத்தார். ஷீன் ரிச்மண்ட் ஆனது. இனி மலை தேவையில்லை, அரசனின் வாசனை போதும்.

அங்கிருந்து அது கடல் கடந்தது. 1737-ல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றின் வளைவைப் பார்த்த வில்லியம் பேர்டுக்குத் தேம்ஸ் நினைவு வந்தது; அங்கே ஒரு ரிச்மண்ட். நியூ சவுத் வேல்ஸில் மக்வாரி 1810-ல் ஒன்று. மெல்பர்னில் ஒன்று. பெங்களூரில் ரிச்மண்ட் டவுன். காலியில் ஒரு ரிச்மண்ட் ஹில், அதன் மேல் 1876-ல் மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய ரிச்மண்ட் கல்லூரி. ஆங்கிலேயன் போன இடமெல்லாம் மூட்டையிலிருந்து எடுத்து விரிக்கிற ஜமுக்காளம் மாதிரி இந்தப் பெயர். அதற்குக் கீழே என்ன பெயர் இருந்தது என்று தூக்கிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

கீழே இருந்தவர்கள் மூமிரிமினா மக்கள். ரிஸ்டன் முதல் பிட்வாட்டர் வரைக்கும் அவர்கள் நிலம். 1804 மே 3-ஆம் தேதி ரிஸ்டன் குடாவில் ஆங்கிலப் படை அவர்கள் மேல் சுட்டது. பாலம் திறந்து வண்டிகள் உள்நாட்டுக்குள் எளிதாகப் போகத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் தீவின் ஆதிகுடிகளுக்கும் குடியேறிகளுக்கும் இடையில் ‘கறுப்புப் போர்’ என்று சொல்லப்படுகிற சண்டை மூண்டது. ஆதிகுடித் தலைவர்களில் ஒருவரான உமாராவை 1828-ல் பிடித்து அடைத்தது இதே ரிச்மண்ட் சிறையில். பாலம் கோதுமைக்கு மட்டும் உதவவில்லை. 2013-ல் ஹோபார்ட்டின் மலைக்கு வெலிங்டன் என்ற பெயரோடு குனான்யி என்ற ஆதிகுடிப் பெயரும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு தீவில் இன்னும் சில இடங்கள் இரட்டைப் பெயர் பெற்றன. பாலத்துக்கு அந்தப் பேச்சு எழ வேண்டியதில்லை, அது வந்தவர்கள் கட்டியது. ஆற்றுக்கு எழ வேண்டும்.

1872-ல் சோரெல் என்ற ஊருக்குக் கடல்நீரின் குறுக்கே மேட்டுச்சாலை போட்டதும் ஹோபார்ட்-கிழக்குக் கரைப் போக்குவரத்து ரிச்மண்டை விட்டு விலகிப்போனது. ஊர் படுத்துவிட்டது. படுத்ததால் பிழைத்தது: இடித்துக் கட்டப் பணமில்லாமல் சிறை, தேவாலயம், பாலம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. பாலம் 2005-ல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ரிச்மண்ட் பாலம் என்ற பெயரில்தான்.

என்னைக் கேட்டால் இரண்டு பெயரும் பாலத்துக்குப் பொருந்தவில்லை. பிக் வந்து பார்த்துவிட்டுப் போனவர். ரிச்மண்டில் இருக்கிற மலை பிரான்சில் கிடக்கிறது. பெயரில் மலை வேண்டுமென்றால் கல் வெட்டிய மலையின் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கசாப்புக் குன்றுப் பாலம் என்பது ஊருக்குப் பெருமை தராத பெயர் என்பதால் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கேஷ் தேடி அங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்கள், கைப்பிடிச்சுவரின் மேல் ஏறாதீர்கள், டப்பா பாலத்தில் இல்லை. ஆற்றோரம் இறங்கி உளிக்கோடுகளைப் பாருங்கள். பிறகு பட்சர்ஸ் ஹில் எந்தத் திசையில் என்று ஊரில் கேட்டு, அங்கிருந்து பாலம் வரை எவ்வளவு தூரம் என்று உங்கள் ஜிபிஎஸ்ஸில் அளந்து பாருங்கள்.